தேனீக்கு வைத்த தண்ணீர்

சுரேன்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. நீ நலமாக இல்லை என்று உன் அக்கா வாணி சொல்லித் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கும் அவள் சொல்லியிருப்பாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவள் சுபாங் ஜெயாவிலிருந்து வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே முகம் சரியில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து, "தம்பிக்கு இங்கிலாந்துல வேலை கிடைச்சிருச்சும்மா. அடுத்த மாசம் பறக்கிறான். போனா அங்கேயே இருந்துருவான் போல. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கிறான். வந்தா நீங்க கையால திருநீறு வெச்சு அனுப்புவீங்களான்னும் கேக்கச் சொன்னான்" என்றாள். நான் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னம்மா சொல்லட்டும் அவன்கிட்ட?" என்றாள். "எழுதுறேன்னு சொல்லு" என்றேன். இதுதான் அது.

இதை உன் போனுக்கு அனுப்பாமல் பேப்பருக்கு ஏன் கொடுத்தேன் என்று நீ கோபப்படலாம். உன் அப்பாவைக் கிடத்தியிருந்த வீட்டில், நம் பண்டமாரான் ஊர் ஜனம் பாதி கூடியிருந்தபோது, "நீ வெச்ச தண்ணிதான்டா உங்கப்பாவைக் கொன்னுச்சு" என்று நான் சொன்னேன். ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டு, இப்போது ரகசியமாக உன் காதில் மட்டும் ஒன்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும். நான் படித்தது ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம் என்று வாணியிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன விஷயத்தில் மட்டும் கை வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன்.

என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் உங்க அத்தை எனக்குப் போட்டுவிட்ட வளையல்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. தெரிந்தேதான் போட்டாள். அந்த வளையல் என்ன பச்சை, விரிசல் எந்தப் பக்கம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். "அதை விடேன், எத்தனை வருஷம் தூக்கிட்டுத் திரிவே?" என்று உங்கப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு விடத் தெரியாது. சில பேருக்கு நீந்தத் தெரியாது இல்லையா, அந்த மாதிரி. உன்னிடம் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நீ எதிர்பார்க்கிறது என்னிடம் இருக்கிறதா இல்லையா என்று முதலிலேயே தெரிந்துகொள், அதற்காகச் சொல்கிறேன்.

எல்லாம் உங்கப்பா கிள்ளான் போர்ட்டில் லோரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு வந்தது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். அவரோடு லோரி ஓட்டிய மலாய்க்கார நண்பர் ஒருத்தர் தன் கிராமத்துக் கம்பத்திலிருந்து ஒரு மரத்துண்டைத் தூக்கிவந்து கொடுத்தார். உள்ளே கெலுலுட் தேனீ. கொசு அளவுக்குத்தான் இருக்கும், கொட்டாது, புளிப்பாகக் கொஞ்சம் தேன் கொடுக்கும். அதைக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரத்தைக் கூரையாகப் போட்டு வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் கொசுவத்தி கூடாது, மருந்து அடிக்கக் கூடாது. "என்னைக் கொசு தின்னா பரவாயில்ல, உங்க பூச்சிக்கு மட்டும் மூச்சு முட்டக்கூடாது, அப்படித்தானே?" என்றேன். "உனக்கு முட்டினா நீ ஊரைக் கூட்டிருவே. அதுங்க சொல்லாம செத்துரும்லா" என்றார். நகராண்மைக் கழகத்து ஆட்கள் தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக் கையோடு எழுந்து ஓடி நனைந்த சாக்கை எடுத்து அந்தக் கட்டையைப் போர்த்துவார். புகை அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படி நின்றதில்லை என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவேன்.

நீ அப்போது தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாராவாரம் வருவாய். எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரிப்பாய். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எதையோ படித்துக் காட்டுவாய். யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா தன் தோட்டத்தைப் பற்றி எழுதினது. தேனீக்கு எந்தப் பூ நல்லது, எதை எப்போது வைக்க வேண்டும் என்று. அதில் ஜெரேனியம் என்று ஒரு செடிக்குப் பெரிய பாட்டு. காட்டில் தானாக வளர்கிறது ஒரு ஜாதி, தேனீக்கு அதுதான் உயிர். இலை வாசனைக்காகத் தொட்டியில் வைப்பது இன்னொரு ஜாதி. நீ தமிழில் சொல்லச் சொல்ல உங்கப்பா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார். "குளிர் முடிஞ்சு வெளிய வர்ற தேனீ பட்டினியா இருக்கும்பா. வசந்தம் ஆரம்பிக்கிறப்போ நாலு பூ இருந்தாத்தான் பொழைக்கும்" என்றாய். "நமக்கு எங்கடா வசந்தம்? ஒண்ணு மழை, இல்லேன்னா வெயிலு" என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "ஏன் இல்ல? தோட்டத்துலதானே பொறந்தே நீ? தைப்பூசம் முடிஞ்சதும் ரப்பர் மரம் மொத்தமா இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். அப்புறம் தளிர் விடும் பாரு, அந்தத் தளிர்லதான் தேன் ஊறும். மலைக்காடு பூரா தேனீ இரைச்சல். அதான் நம்ம வசந்தம்" என்றார். "ரப்பர் எங்கப்பா இருக்கு இப்போ? இங்க கொண்டெய்னர்தான் இருக்கு, அது எப்பப்பா தளிர் விடும்?" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று விழப் பார்த்தது. இதையெல்லாம் நான் மறந்திருப்பேன் என்று நினைக்காதே.

அப்புறம் அந்தக் காட்டு ஜெரேனியம் விதையை எங்கிருந்தோ தபாலில் வரவழைத்தாய். குளிரில் கிடந்தால்தான் அந்த விதை விழிக்கும், அதனால் கொஞ்ச நாள் ஐஸ்பெட்டியில் வை என்று அந்த அம்மா எழுதியிருந்தாளாம். நான் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். "மீன் நாத்தத்துல தூங்கி எழுந்த பூவுக்கு எந்தத் தேனீ வரும்?" என்றேன். உங்கப்பா தினமும் திறந்து பார்ப்பார். ஒருவழியாக வெளியே எடுத்து மண்ணில் போட்டபோது ஒன்றிரண்டு முளைக்கவும் செய்தது. குழந்தை கையை விரித்த மாதிரி இலை. கிள்ளான் வெயில் அதைக் கொஞ்ச நாள்கூட விட்டுவைக்கவில்லை. தண்டு அழுகிப் படுத்துவிட்டது. உங்கப்பா அந்தத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். "குளிரைக் குடுத்தோம், ஊரைக் குடுக்க முடியலையே" என்றார். அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம் சுரேன். மூன்று பேரில் யாராவது ஒருத்தர், இது இந்த ஊருக்கு எழுதினது இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

காட்டு ஜாதி இல்லையென்றால் வாசனை ஜாதி என்று நீயும் அப்பாவும் கேமரன் மலைக்குப் போய் இங்கே ஜெரமின் என்று சொல்கிற அந்தச் செடித் தொட்டிகளைக் காரின் பின்சீட் நிறைய ஏற்றிவந்தீர்கள். அங்கே கடைக்கடையாகக் கொசு விரட்டும் செடி என்று அதைத்தான் விற்கிறார்களாம். இலையைக் கசக்கினால் எலுமிச்சம்பழமும் ரோஜாவும் கலந்த ஒரு வாசம். நீ ஒரு இலையைக் கிள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்தாங்கம்மா. உங்களுக்குக் கொசு வராது, அப்பாவுக்குத் தேனீ சாகாது. சண்டை முடிஞ்சுச்சா?" என்றாய். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கொல்லைப்புறத்திலும் ஜன்னல் ஓரத்திலும் வரிசையாக வைத்தாய். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் அகலமாக ஒரு தட்டு. தட்டில் கூழாங்கல்லைப் பரப்பி, கல் முழுகாத அளவுக்குத் தண்ணீர். தேனீ கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும், இல்லையென்றால் மூழ்கிவிடும் என்று அந்த வெள்ளைக்காரம்மா எழுதியிருந்தாள். "காய விடாதீங்கம்மா, வத்துனா ஊத்திவிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய்.

நான் காயவிடவில்லை. காலையில் கோலம் போட்டு முடித்த கையோடு செம்பை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாக ஊற்றிக்கொண்டு வருவேன். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றவில்லை. வற்றினால் ஊற்று என்றுதானே சொன்னாய், அதன் மேலேயே ஊற்றினேன். கிள்ளானில் பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். டிவியில் சொல்கிறான், கோவில் சுவரில் ஒட்டியிருக்கிறான், சுகாதார இலாகா ஆட்கள் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். பழைய டயரைப் பார்த்தால் நானே கவிழ்த்துவிட்டுப் போவேன். ஆனால் இது டயர் இல்லையே, கொசு விரட்டுகிற செடியின் தட்டு. கொசு அங்கே வரும் என்று யார் நினைப்பார்? அந்தச் செடி கடைசிவரை ஒரு பூகூடப் பூக்கவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மலையில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த செடி இங்கே வந்து வெறும் இலையாக நின்றது.

உங்கப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கிளினிக்கில் ரத்தம் எடுத்து டெங்கி என்றார்கள். பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இந்தக் கசப்புக்கு டெங்கியே தேவலாம்" என்றார். காய்ச்சல் விட்டது. உனக்குப் போன் போட்டு விட்டுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். காய்ச்சல் விடுகிற அந்த நேரம்தான் மோசமான நேரம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது உன் அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருக்கும்போதே சுகாதார இலாகா ஆட்கள் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கொல்லைப்புறம் போனார்கள். ஒரு மலாய்க்காரப் பையன் டார்ச் அடித்துத் தட்டைப் பார்த்தான். கூழாங்கல்லைத் தூக்கினான். "ஜெந்திக்-ஜெந்திக், மக்சிக்" என்றான், புழு இருக்கு ஆன்டி என்று. கல்லுக்கு அடியில் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த தட்டிலும். அதற்கடுத்த தட்டிலும்.

கூடத்துக்குள் நான் திரும்பி வந்தபோது உங்க அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "வீட்டுல இருக்கிற பொம்பளைக்கு இதுகூடவா தெரியலை?" அவள் என்னைத்தான் சொன்னாள். சொன்னது சரியும்கூட. செம்பு என் கையில்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நீ வாசலில் காரை விட்டுவிட்டு உள்ளே வந்தாய், நான் அதைச் சொன்னேன். நீ வெச்ச தண்ணி என்று. எல்லோர் கண்ணும் உன்மேல் திரும்பியது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. "ஊத்துனது நீங்கதானேம்மா" என்று நீ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே உன் சட்டையைப் பிடித்து அடித்திருப்பேன், அழுதிருப்பேன், எங்கேயாவது போய் முடிந்திருக்கும். நீ தலையைக் குனிந்துகொண்டு போய் அப்பா காலைத் தொட்டாய். மொட்டை அடித்தாய், கொள்ளி வைத்தாய், கருமாதி முடிந்ததும் போய்விட்டாய். ரெண்டு வருஷமாக வாணி கையில் மருந்தும் பழமும் கொடுத்தனுப்புகிறாய். நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்று வாணி நினைக்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பதில் பேசாமல் பெரிய மனுஷனாக நின்றாய், நான் சின்னவளாக நின்றேன். அதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், போகிற ஊரிலாவது கேள்: நீ கட்டிக்கப்போகிறவள் அநியாயமாக ஒன்று சொன்னால் திருப்பிச் சொல். சும்மா நிற்காதே. சும்மா நிற்பது நல்லகுணம் என்று உங்கப்பா உனக்குப் பழக்கிவிட்டார். எதிரில் இருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

"எந்தக் கொசு கடிச்சதுன்னு யாருக்கும்மா தெரியும்? பின்னாடி சாக்கடை இருக்கு, பக்கத்துல காலி மனை இருக்கு" என்று வாணி எனக்குச் சமாதானம் சொல்வாள். அவள் நல்ல பெண். ஆனால் அந்தப் பையன் கல்லைத் தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன், அவள் நிற்கவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. கருமாதிக்கு அப்புறம் நம் தெருவுக்குப் புகை அடிக்க வந்தார்கள். டெங்கி வந்த வீடு என்று நம் கொல்லைப்புறத்துக்குள்ளேயே மெஷினோடு ஒருத்தன் வந்தான். "ஆன்டி, ஏதும் மூடணும்னா மூடிக்குங்க" என்று தமிழில்தான் சொன்னான், நம்ம தமிழ்ப் பையன். சாக்கு அங்கேயே குழாயடியில் கிடந்தது. நான் எடுக்கவில்லை. அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாகப் புகை போய் அடைத்தது. அடங்கின பிறகு போய்ப் பார்த்தேன், கீழே தேனீயெல்லாம் வறுத்த எள்ளைக் கொட்டிவைத்த மாதிரிக் கிடந்தது. அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஜெரமின் தொட்டிகளை வாணி லோரிக்காரனிடம் கொடுத்து அள்ளிப்போகச் சொன்னாள். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன், தட்டு இல்லாமல். ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்காதே. அதுவும் செத்துவிட்டது.

நீ போகிற ஊரில் அந்தக் காட்டு ஜெரேனியம் ரோட்டோரத்தில் யாரும் நடாமலேயே முளைக்குமாம். வாணி போனில் படம் காட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில் சின்னதாக, அழகாகத்தான் இருக்கிறது. அங்கே போய்ச் செடியே வைக்காமல் இருந்துவிடுவாயோ என்று அவள் கவலைப்படுகிறாள். அப்பா பேரைச் சொல்லி ஒரு செடி வை என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வைக்கத் தோன்றினால் வை. அந்த வெள்ளைக்காரம்மா அந்த ஊருக்குத்தான் எழுதினாள். அங்கே குளிர் முடிந்து பசியோடு வருகிற தேனீக்கு அவள் சொன்ன பூவும் சரி, தட்டுத் தண்ணீரும் சரி, கேட்டுச் செய்யலாம். மற்றபடி எந்த நல்லதைப் படித்தாலும், அது எந்த மண்ணில் உட்கார்ந்து எழுதினது என்று பார்த்துவிட்டுச் செய். இதைத் தெரிந்துகொள்ள நமக்கு இவ்வளவு செலவாகியிருக்க வேண்டாம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. கேட் திறந்திருக்கும். சமைத்து வைப்பேன், சாப்பிட்டுவிட்டுப் போ. அப்பா படத்துக்கு விளக்கேற்று. ஆனால் என் காலில் விழாதே. விழுந்தால் நான் குனிய வேண்டும், உன் நெற்றியில் திருநீறு வைக்க வேண்டும், நல்லபடியாகப் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். நீயும் நினைப்பாய், விமானத்தில் ஏறி நிம்மதியாகத் தூங்குவாய். சரியாகவில்லை சுரேன். சரியாகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, இனி நீ வருவதற்குள் நான் இருப்பேனா என்பதும் தெரியாது. தெரிந்துதான் சொல்கிறேன். மனசு வராமல் கை மட்டும் வைத்த திருநீறோடு உன்னை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்.

அக்கா பாவப்பட்டு, "அம்மாவுக்குப் பதிலா நான் வெக்கிறேன் தம்பி" என்று வருவாள். நெற்றியைக் காட்டாதே. நீயாகவும் பூசிக்கொள்ளாதே. வெறும் நெற்றியோடு போ. அதை வைப்பது என் வேலை. முடிகிற நாள் ஒன்று வந்தால் நானே வைப்பேன். வராமலே போனால் அந்த இடம் அப்படியே கிடக்கட்டும், வேறு யாரும் தொட வேண்டாம்.

அம்மா